காதுக்கு வெளியே

“கிட்டத்தட்ட” என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு யாரும் தப்ப முடியாது. பஸ் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்றால் “வந்துட்டா, வரலையா?” என்று கேட்பார். டீ கிட்டத்தட்ட சூடாக இருக்கிறது என்றால் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டுபோய் மறுபடி அடுப்பில் வைப்பார். எங்கள் ஆய்வகத்தில் ரெசிஸ்டர்களை நிற வரிசை பார்த்துப் பிரித்து டப்பாக்களில் போட வேண்டும். படிக்கிற பிள்ளைகள் அதை ஏனோதானோவென்று செய்வார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் அக்காவோ பழுப்பையும் சிவப்பையும் ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. பிள்ளைகள் போட்டதில் ஒன்று மாறிக் கிடந்தாலும் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். பார்க்கிற எனக்கு எரிச்சலாக வரும். “போதும்க்கா, கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பயந்த முகமாக இருந்தது.

“அந்தச் சொல்ல மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க மேடம்” என்றார்.

அது ஏன் என்று தெரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் சாலையில், வீடுகள் முடிந்து கரிசல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது நான் வேலை பார்த்த பாலிடெக்னிக். எலக்ட்ரானிக்ஸ் ஆய்வகம் என் பொறுப்பு. அக்கா அங்கே உதவியாள்: பெருக்குவது, சாமான் எடுத்துக் கொடுப்பது, எண்ணித் திரும்ப வாங்கி வைப்பது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை மேடம் என்றார். கடைசிவரை இரண்டும் மாறவில்லை.

அவர் சத்தத்தைத் தேடிப் போவார். கரண்ட் போனால் நாங்கள் எல்லாரும் ஜெனரேட்டர் கொட்டகைக்கு எட்டாத மரத்தடி பார்த்துப் போவோம். அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து சாப்பிடுவார். ஆய்வகத்தில் ஆறு மின்விசிறிகள். அதில் எது அதிகமாகக் கடகடக்கிறதோ அதற்குக் கீழேதான் அவர் ஸ்டூல் இருக்கும். அதை ரிப்பேர் பண்ண ஆள் வந்தபோது சண்டைபோட்டு விரட்டிவிட்டார். “அந்தம்மாவுக்கு ஒரு மாதிரி” என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெட்டி எங்களுக்கு வந்த கதை சாதாரணமானது. கடைசி வருஷப் புராஜெக்டுக்காகச் சில மாணவிகள் சேர்ந்து ஒரு சிந்தசைசர் செய்தார்கள். ஆர்மோனியம்போல அதில் கட்டைகள் கிடையாது. ஒட்டுப்பலகைப் பெட்டி, முகத்தில் பதினான்கு திருகுகள், இருபது இருபத்தைந்து துளைகள், துளைக்குத் துளை செருகிக்கொள்ள ஒரு கொத்து வயர். எந்தத் துளையை எதோடு சேர்க்கிறோம், எந்தத் திருகை எவ்வளவு திருப்புகிறோம் என்பதற்கேற்பச் சத்தம் பிறக்கும். கம்ப்யூட்டர் எதுவும் உள்ளே இல்லாததால் அதற்கு ஞாபகமும் இல்லை. ஒரு திருகைத் தொட்டுவிட்டால் முந்தைய சத்தம் போனது போனதுதான். மாணவிகள் மார்க்கை வாங்கிக்கொண்டு போனார்கள், பெட்டி பீரோவின் மேல் ஏறியது.

ஒருநாள் காலையில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இறக்கி வைத்து ஓடவிட்டேன். கீச்சென்று ஒரு விசில் வந்தது. ஆய்வகத்தின் மறுகோடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா துடைப்பானைக் கீழே போட்டார்.

“மேடம், இது எங்கன இருந்து வருது?”

“இந்தப் பெட்டிலருந்துதான்.”

“உங்களுக்கும் கேக்குதா?”

“நான் என்ன செவிடா?”

அக்கா சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தண்ணீர் கொடுத்ததும் சொன்னார்: “இப்பிடி ஒண்ணு என் இடது காதுக்குள்ள ஓடுது மேடம். ஆறு வருசமா ஓடுது. ஒரு நிமிசம் நின்னதில்ல. அது காதுக்கு வெளிய இருந்து வந்து இன்னைக்குத்தான் கேக்கேன்.”

“இதேதானாக்கா?”

காதைச் சாய்த்துக் கேட்டார். “இல்ல. இது அதுக்குத் தூரத்துச் சொந்தம்.”

எனக்கு அது சின்ன வேலையாகத் தோன்றியது. ஆய்வகத்தில் எந்த உயரத்திலும் ஒற்றைச் சுரம் எழுப்பித் தரும் கருவி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு மேலே போனேன், கீழே வந்தேன். ஓரிடத்தில் “நில்லுங்க” என்றார். நின்றேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

“இது அதோட எலும்பு மேடம். மேல சதை இருக்கு, தோலு இருக்கு.”

அப்படித்தான் பெட்டிக்குத் திரும்பி வந்தோம். தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலும், எனக்கு வகுப்பில்லாத வேளைகளிலும் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவோம். எந்த வயர் எங்கே போனால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலப் பெயர்கள் அவர் வாயில் நிற்கவில்லை. அவரே பெயர் வைத்தார். சுரம் எழுப்பும் பகுதிகள் இரண்டு உண்டு. அவை பெரியவ, சின்னவ. இரண்டும் ஒரே உயரத்துக்கு நெருங்கி வரும்போது ஒன்றோடொன்று மோதி வம்... வம்... என்று அலைபாயும். “ஓரகத்திய ரெண்டு பேரு ஒரே அடுப்பங்கரைல நின்னா இப்பிடித்தான்” என்பார். சத்தத்தில் எதை விடுவது, எதை நிறுத்துவது என்று தீர்மானிக்கும் திருகுக்குச் சல்லடை என்று பெயர். ஸ்ஸ் என்ற இரைச்சலை எழுப்புவது மழை. “ஊருக்குப் பெய்ய மாட்டேங்கு. இங்கனயாவது பெய்யட்டும்” என்று அதைக் கொஞ்சம் கூட்டுவார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த மழைத் திருகைத் தொடும்போது மட்டும்தான்.

ரெண்டு மாதத்தில் அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். நான் படித்ததைச் சொல்லி வாதாடுவேன். அவர் சல்லடையை மயிரிழை திருப்பிவிட்டு, “இப்பக் கேளுங்க” என்பார். வாயை மூடிக்கொள்வேன். திருப்பும்போது மூச்சை அடக்கிக்கொள்வார், உள்ளே ஓடுவதும் வெளியே ஓடுவதும் அப்போதுதான் தனித்தனியாகத் தெரியுமாம். முகமெல்லாம் வேர்த்துவிடும்.

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. பெட்டிக்கு வெயில் ஆகாது. பதினோரு மணிக்குப் பிடித்துவைத்தது ஒரு மணிக்கு நழுவியிருக்கும். சூடு ஏற ஏறப் பெரியவளும் சின்னவளும் ஆளுக்கொரு திசையில் போவார்கள். அது புரிந்ததும் எந்த ஜன்னல் திறந்திருக்க வேண்டும், எந்த விசிறி எத்தனையில் ஓட வேண்டும் என்று அக்கா சட்டம் போட்டார். ஒரு தடவை தெரியாமல் நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். மூன்று நாள் உழைப்பு கெட்டது. அக்கா போய்ச் சுவரில் இடது பக்கத் தலையை முட்டினார். மெதுவாக, கணக்காக, பழக்கப்பட்டவர்போல. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

அன்றைக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். “எதுக்குக்கா இந்தப் பாடு? நரம்புக் கோளாறு, பழகிக்கிடணும்னு டாக்டரு சொல்லிட்டாருல்லா? சத்தம் இதுல வந்துட்டா காது சரியாயிருமா?”

“காது சரியாவாது மேடம். அது எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“நான் பட்டாசு வேலைக்குப் போயிட்டிருந்தேம்லா? ரூம்ல மூணு பேரு. நான், செண்பகம், இன்னொரு பிள்ள. மருந்து அளந்து அடைக்கித வேல. அன்னைக்குக் குடுத்த கிண்ணி வழக்கமான கிண்ணி இல்ல. விளிம்பு நெல்லளவு கூட இருந்துது. மாத்தி வாங்கிட்டு வாரேன்னு எந்திரிச்சேன். செண்பகம் என் சேலையப் பிடிச்சு இழுத்தா. ‘கிட்டத்தட்ட சரியாத்தாம்ட்டி இருக்கு, உக்காரு’ன்னா. நான் கேக்கல. வேப்பமரம் வரைக்கும் போயிருப்பேன்.”

அதற்குள் பின்னால் அறை வெடித்துவிட்டது. அந்த அறையில் இருந்த இருவரும் போய்விட்டார்கள். கிண்ணிக்கும் வெடிப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று யாருக்கும் தெரியாது. எழுந்து போனதால் அக்கா பிழைத்தார், அன்றைக்குத் தொடங்கிய சத்தம் நிற்கவில்லை.

தூக்கமில்லாமல் சுவரில் முட்டிக்கொண்டவரை வீட்டுக்காரர் ஒரு கோடாங்கியிடம் கூட்டிப்போயிருக்கிறார். கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொன்னார்: காதுக்குள் குடியிருப்பது செண்பகம். ஏதோ சொல்ல வந்திருக்கிறாள். அதைச் சொல்லாமல் போக மாட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சேதி செண்பகத்தின் அம்மாவுக்குப் போய்விட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை அந்த அம்மா அக்காவின் வீட்டு வாசலில் நின்றார்.

“எல்லா வெள்ளியும் வாராவ மேடம். என் பக்கத்துல உக்காந்து, இந்தக் காதுல வாய வச்சு, ‘எம்மா, ஆத்தா வந்திருக்கேன்’னு பேசுதாவ. பேசிட்டு என் மூஞ்சியப் பாக்காவ. ‘என்னட்டி சொல்லுதா?’ன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? ‘ஒண்ணும் சொல்லல அத்தே, சத்தம் மட்டும்தான் வருது’ங்கேன். ‘கோவமா இருக்காளோ’ன்னு அழுதாவ. அன்னைக்குக் காலைல அவள வாய்க்கு வந்தபடி வஞ்சு வேலைக்கு அனுப்பியிருக்காவ. ஆறு வருசம் மேடம். ஒரு வெள்ளி தப்பல.”

பிறகு பெட்டியைக் காட்டினார். “இந்தச் சத்தம் அப்பிடியே இதுல வந்துட்டா, அத்தைய கூட்டிட்டு வந்து கேக்க வைப்பேன். வயரும் திருகும் போடுத சத்தம்தானே, உங்க மக இல்லத்தேன்னு சொல்லுவேன். அவியளும் அழுகைய விடுவாவ, நானும் தப்பிப்பேன். கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா ஒத்துக்கிட மாட்டாவ. நானே ஒத்துக்கிட மாட்டேன். வயர்ல வந்துட்டா அது செண்பகம் இல்லல்லா மேடம்?”

நான் “இல்லக்கா” என்றேன். அப்புறம் நான் ஜன்னலைத் தொடவே இல்லை.

மாசி முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அது வந்தது. எனக்கு வகுப்பில்லாத நேரம். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டு சின்னவளின் திருகில் விரலை வைத்திருந்தார். அது பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய தேய்ந்த திருகு. பாதி திருப்பலில் பிடித்துக்கொள்ளும், பிறகு நழுவும். விரல் நின்றது. முகம் வெளுத்தது.

“மேடம், இது ஓடுதா, நின்னுட்டா?”

“ஓடுதுக்கா.”

“எனக்குத் தெரிய மாட்டேங்கு. எது உள்ள, எது வெளியன்னு தெரியல.”

நான் சத்தமில்லாமல் ஹெட்போன் வயரை உருவிக் கையில் வைத்துக்கொண்டேன். அக்கா அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார். “இப்ப ஓடுதா?” என்றார். வயரைத் தூக்கிக் காட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார், என்னையா பெட்டியையா என்று தெரியவில்லை.

மறுபடி செருகிவிட்டு, சத்தத்தை நன்றாகக் கூட்டச் சொன்னார். உள்ளே ஓடுவதை அமுக்கிப் பார்க்கிறாராம். ஒரு நிமிஷம் கழித்து நிறுத்தினேன். அக்கா கண்ணை அகல விரித்தார். தலையை மெல்ல மேலே தூக்கினார்.

“ஃபேன் ஓடுது மேடம்” என்றார். “காக்கா கத்துது.”

இருபது எண்ணும் நேரம் இருக்கும். ஆறு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த அமைதி அவ்வளவுதான். பிறகு உள்ளே இருப்பது திரும்பி வந்துவிட்டது, அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் அடுத்த ரெண்டு நாளும் அதே நேரத்துக்கு வந்து, கொஞ்சம் தொட்டுச் சரிபண்ணி, அந்த இருபது எண்ணிக்கையை வாங்கிக்கொண்டார்.

நானும் கேட்டேன். கேட்க வேண்டும் என்று நானேதான் ஹெட்போனை வாங்கினேன். அதை எழுத எனக்கு வரவில்லை. தகரத்தைத் தகரத்தால் கீறுவதுபோல ஒரு கூர். அதன் அடியில் நெருப்பில் ஈர விறகு சீறுவதுபோல ஒன்று. எல்லாம் சேர்ந்து ஏறி இறங்கி, இதோ நின்றுவிடும் என்று காட்டி நிற்காமல் ஓடியது. அரை நிமிஷத்தில் கழற்றி எறிந்தேன். இதோடு இந்த மனுஷி எப்படி ரெசிஸ்டர் பிரித்தார், பஸ் ஏறினார், சோறு பொங்கினார்? “அக்கா” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். போனில் பதிந்து பார்த்தேன். அதைக் கேட்டுவிட்டு, “இது போட்டோ மேடம், ஆளு இல்ல” என்று சொல்லிவிட்டார். சரி, திங்கள்கிழமை நல்ல கருவி கொண்டுவந்து பதியலாம் என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அந்த அம்மா வந்தார். அக்காதான் வரச் சொல்லியிருந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. ஆனால் தலையை எண்ணெய் வைத்துச் சீவி, பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையை உடுத்தியிருந்தார். மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போகிற தாய் அப்படித்தான் கிளம்புவாள்.

அக்கா ஸ்டூலில் உட்காரவைத்தார். ஹெட்போனைக் காதில் மாட்டிவிட்டார். இன்னும் பெட்டியை ஓடவிடவில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் அவர் பஸ்ஸிலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார், என்னிடமும் ஒப்பித்திருந்தார்.

“அத்தே, இப்ப ஒரு சத்தம் வரும். அதுதான் என் காதுல...”

“எம்மா” என்று அந்த அம்மா அவர் கையைப் பிடித்தார். “நான் பேசுனா அவளுக்கு இதுல கேக்குமா?”

அக்கா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“அன்னைக்கு வஞ்சத மனசுல வச்சுக்கிடாதன்னு மட்டும் சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம். இத்தன வருசமாப் பேசுதேன், அவ கேட்டாளா இல்லையான்னே தெரியல. சாகுததுக்குள்ள அவ கோவம் தீந்துட்டான்னு தெரிஞ்சா போதும்.”

அக்காவின் விரல் மெயின் சுவிட்சில் இருந்தது. என்னைப் பார்த்தார். அப்புறம் மற்றக் கையால் சின்னவளின் திருகைப் பிடித்து அடிவரை இறக்கினார். பெரியவளையும் இறக்கினார். மழையை அடைத்தார். சல்லடையைப் பாதிக்கு மூடினார். என் வாயில் “வேண்டாம்க்கா” என்று வந்தது, சொல்லவில்லை. ஆறு மாதமாகப் பிடித்தது அத்தனையும் மூன்று விநாடியில் போயிற்று. பிறகு சுவிட்சைப் போட்டார்.

நான் கேட்பதற்காக அன்றைக்கு மட்டும் சேர்த்துவைத்திருந்த சின்ன ஸ்பீக்கரிலும் அது கேட்டது. தணிந்த ஒற்றைக் குரல், மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. எங்கோ தூரத்தில் ஒரு பெண்பிள்ளை வாய் திறக்காமல் இழுப்பதுபோல இருந்தது. அவ்வளவு மிருதுவான ஒன்றை அந்தப் பெட்டியிலிருந்து நான் கேட்டதே இல்லை. அக்காவின் விரல் ஒரு திருகில் ஆடிக்கொண்டே இருந்தது, அது நின்றால் குரல் வெறும் விசிலாகிவிடும்.

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு ஏதோ பேசியது. நெடுநேரம் கேட்டார். கழற்றும்போது முகம் தெளிந்திருந்தது.

“கோவம் இல்லட்டி” என்றார். “பாடுதா.”

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கன்னத்தைத் தடவினார். “இம்புட்டு நல்லா இருக்கே. இதுக்கா பிள்ள நீ இத்தன வருசம் உறங்காம அழுத?”

“ஆமாத்தே” என்றார் அக்கா.

அந்த அம்மாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, அக்கா பெட்டி முன் உட்கார்ந்தார். திருகுகளில் அவர் போட்டுவைத்த நகப்பூச்சு அடையாளங்கள் இருந்தன. அந்த அடையாளங்களில் கொண்டுபோய் வைத்தால் வேறு ஏதோ ஒரு விசில் வந்தது. சின்னவளின் திருகு ஒரேயடியாக இறக்கியதில் உள்ளே ஒடிந்துவிட்டது, பாதியில் பிடிக்கவே இல்லை. வேறு திருகு மாற்றினேன். பங்குனி வெயில் ஆரம்பித்துவிட்டது. ரெண்டு பேரும் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தோம். வரவில்லை. நான் அழுதேன். அக்கா அழவில்லை. “உங்க மக இல்லன்னு அந்த மூஞ்சியப் பாத்து எப்பிடி மேடம் சொல்ல? வாய் வரல” என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்காவின் வீட்டுக்காரர் வந்தார், அந்த அம்மாவை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து. ஆடு மேய்ப்பவர், கொஞ்சம் உளுந்தும் போடுகிறவர், அதிகம் பேசாத மனிதர். பெண்சாதியின் தூக்கமில்லாத ஆறு வருஷத்தைக் கூடவே இருந்து சுமந்தவர். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முன்னால் நின்றார்.

“மேடம், நீங்க படிச்சவிய, சொல்லுங்க. அது தாலாட்டு கணக்கா இருக்குன்னு பெரியம்மா ஊரெல்லாம் சொல்லுதாவ. இவ தலைய செவத்துல முட்டுனது இதுக்குத்தானா? நீங்களும் கேட்டியளாமே. அப்பிடித்தான் இருந்துதா?”

அக்கா பின்னால் ரெசிஸ்டர் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டப்பாச் சத்தம் நின்றது. அந்த அம்மா சிரித்த முகத்தோடு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆமா அண்ணாச்சி” என்றேன். “அப்பிடித்தான் இருந்துது.”

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். திட்டவில்லை. ஏமாற்றப்பட்டவனின் முகம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். டப்பாச் சத்தம் மறுபடி தொடங்கியது.

பரீட்சை முடியுமுன் அக்கா வேலையை விட்டுவிட்டார். அதுவரை இருந்த நாளில் தன் காதைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை.